ஸ்பிரிங் திருகைக் கடைசியில் தொடுங்கள்: ரிலீஃப் வால்வு கோளாறுகள், அறிகுறி வாரியாக

அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறந்து உபரியை வெளியேற்றும் ரிலீஃப் வால்வில் ஏதாவது பிரச்சினை என்றால் எல்லோருடைய கையும் முதலில் போவது மேலே இருக்கும் ஸ்பிரிங் திருகுக்குத்தான். ஒழுகுகிறதா, கால் சுற்று முறுக்கு. சீக்கிரம் திறக்கிறதா, இன்னொரு கால் சுற்று. ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒழுகல் நின்றுவிடும். கூடவே அந்த வால்வு இனி எத்தனை பார் அழுத்தத்தில் திறக்கும் என்பதும் யாருக்கும் தெரியாமல் போய்விடும். பெரும்பாலான நேரங்களில் வால்வு தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கும். கோளாறு பைப்பிலோ, அழுத்தம் காட்டும் கேஜிலோ, அந்த வால்வைத் தேர்ந்தெடுத்த விதத்திலோ இருக்கும்.

உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

உள்ளே நடப்பது என்ன

கீழே ஒரு நாசில். அதன் வாய் விளிம்புதான் சீட். அதன் மேல் மூடியாக உட்காரும் ஒரு டிஸ்க். டிஸ்க்கை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங். அவ்வளவுதான் பொருள். 20 மி.மீ. விட்டமுள்ள சீட்டின் மேல் 10 பார் அழுத்தம் சுமார் 314 நியூட்டன் விசையோடு, அதாவது 32 கிலோ எடை அளவுக்கு, டிஸ்க்கை மேலே தள்ளும். வால்வு 10 பாரில் திறக்க வேண்டுமானால் ஸ்பிரிங்கை அதே 32 கிலோவுக்கு முறுக்கி வைப்பார்கள். இதுதான் செட் பிரஷர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டிஸ்க் மேலே எழும்ப எழும்ப ஸ்பிரிங் இன்னும் நசுங்கும், அதன் எதிர்ப்பும் கூடும். அப்படியானால் வால்வு பாதியிலேயே நின்றுவிட வேண்டுமே? அதனால்தான் நீராவிக்கும் காற்றுக்கும் உள்ள வால்வுகளில் சீட்டைச் சுற்றி ஓர் அகன்ற வளைய அறை இருக்கும். டிஸ்க் மயிரிழை எழும்பியதும் வெளியே வரும் வாயு அந்த அறையில் தேங்கி, சீட்டைவிடப் பெரிய பரப்பின் மேல் தள்ளும். வால்வு ‘டப்’ என்று ஒரேயடியாகத் திறக்கும். அதே காரணத்தால் மூடும்போது செட் பிரஷருக்குக் கொஞ்சம் கீழே போன பிறகுதான் மூடும். பெரிய பரப்பைத் தள்ளிக்கொண்டிருக்கும் அழுத்தம் நன்றாகத் தணிந்தால்தானே ஸ்பிரிங் ஜெயிக்கும்? திறக்கும் அழுத்தத்துக்கும் மூடும் அழுத்தத்துக்கும் உள்ள இந்த இடைவெளிக்கு ப்ளோடவுன் என்று பெயர். இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

திரவங்களுக்கான வால்வு இப்படிக் குதித்துத் திறக்காது. அழுத்தம் கூடக் கூட மெல்லத் திறந்துகொண்டே போகும். பேச்சு வழக்கில் இரண்டையும் ரிலீஃப் வால்வு என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் குதித்துத் திறப்பதை சேஃப்டி வால்வு என்றும், மெல்லத் திறப்பதை ரிலீஃப் வால்வு என்றும் பிரித்துச் சொல்வதுதான் முறை. வாங்கும்போது இந்த வித்தியாசம் முக்கியம்.

கை வைப்பதற்கு முன்

ஒழுகுகிறதே என்று வெளியேறும் வாயில் பிளக் போட்டு அடைப்பதும், அடியில் வழியைத் துண்டிக்க வைத்திருக்கும் ஐசொலேஷன் வால்வை மூடிவிட்டு இயந்திரத்தை ஓட்டுவதும் வேண்டவே வேண்டாம். பம்பையோ பர்னரையோ நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, கேஜ் பூஜ்யம் காட்டினாலும் டிரெயினைத் திறந்து உறுதி செய்துகொண்டு பிறகு கழற்றுங்கள்.

அடுத்தது, இன்னொரு கேஜ். வால்வுக்குப் பக்கத்திலேயே சோதித்துப் பார்த்த ஒரு கேஜை மாட்டுங்கள். கேஜ் பொய் சொல்லி, வால்வு பழி சுமந்த கதைகள் எக்கச்சக்கம். கேஜ் தரையிலும் வால்வு 10 மீட்டர் உயரத்திலும் இருந்தால், நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டுமே கிட்டத்தட்ட 1 பார் வித்தியாசம் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒழுகிக்கொண்டே இருக்கிறது

முதலில் இரண்டு எண்களைப் பக்கத்தில் எழுதுங்கள்: வழக்கமாக ஓடும் அழுத்தம், வால்வு தகட்டில் உள்ள செட் பிரஷர். மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். 9 பாரில் ஓடும்போது டிஸ்க்கைச் சீட்டோடு அழுத்திப் பிடிக்க மிச்சம் இருப்பது சுமார் 3 கிலோ. 9.7 பாரில் ஓட்டினால் 1 கிலோதான். அந்த ஒரு கிலோவை வைத்துக்கொண்டு உலோகத்தோடு உலோகம் எப்படி ஒட்டி நிற்கும்? ஸ்பிரிங் வகை வால்வு என்றால் ஓடும் அழுத்தம் செட் பிரஷருக்குக் குறைந்தது 10 சதவீதம் கீழே இருக்க வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் ஓடும் அழுத்தத்தைக் குறையுங்கள், அல்லது செட் பிரஷருக்கு மிக அருகில் வரை இறுக்கமாக மூடி நிற்கும் பைலட் வகைக்கு (ஒரு சிறு துணை வால்வு பெரிய வால்வைக் கட்டுப்படுத்தும் வகை) மாறுங்கள்.

இடைவெளி போதுமான அளவு இருந்தும் ஒழுகினால் சீட்டில் ஏதோ இருக்கிறது. வெல்டிங் துகள், துரு, பைப்பில் சுற்றிய டேப்பின் துணுக்கு. சோதனை லீவர் உள்ள வால்வு என்றால் அழுத்தம் செட் பிரஷரின் 75 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது, வெளியேறும் வழியில் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு, லீவரை முழுசாகத் தூக்கிச் சட்டென்று விடுங்கள். வேகமான ஓட்டம் துகளை அடித்துக்கொண்டு போய்விடும். அழுத்தமே இல்லாதபோது தூக்குவதில் பயனில்லை. ஸ்பிரிங்கின் முழுச் சுமையையும் லீவரும் தண்டும்தான் தாங்கும்.

அதற்கும் நிற்கவில்லையா? சீட் வெட்டுப்பட்டிருக்கும். நீராவி ஒரு மெல்லிய கீறல் வழியாகத் தொடர்ந்து கசிந்தால் கம்பியால் அறுத்ததுபோல் உலோகத்தில் கோடு விழுந்துவிடும். இங்கேதான் திருகை முறுக்கும் ஆசை வரும். வேண்டாம். கழற்றி, சீட்டையும் டிஸ்க்கையும் லாப்பிங் செய்து (நுண்பொடியால் தேய்த்துச் சமப்படுத்தி), சோதனை பெஞ்சில் வைத்து மறுபடி செட் செய்ய வேண்டியதுதான். இன்றைய சிறு கசிவு ஒரு மாதத்தில் சீட்டை முழுசாகத் தின்றுவிடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் பைப்பின் எடை வால்வின் மேல் தொங்கினாலும் உடல் லேசாகக் கோணி ஒழுகும். ஃபிளேஞ்ச் போல்ட்டுகளைத் தளர்த்தினால் பைப் ஒரு பக்கம் துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளினால் பைப்புக்குத் தனி சப்போர்ட் வேண்டும்.

இதற்கிடையே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மெட்டல் சீட் என்றாலே துளி ஒழுகும் என்று தரநிலையே ஒத்துக்கொள்கிறது. ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரநிலை 527-இன்படி, செட் பிரஷரின் 90 சதவீதத்தில் காற்று வைத்துச் சோதிக்கும்போது சிறிய துளை வால்வுகளில் நிமிடத்துக்கு 40 குமிழி வரை பரவாயில்லை. ஒரு குமிழிகூட வரக் கூடாது என்றால் ரப்பர் அல்லது டெஃப்லான் போன்ற மென்மையான சீட் கேளுங்கள், வெப்பநிலை இடம் கொடுத்தால்.

வாட்டர் ஹீட்டர் வால்வு சூடேறும்போது மட்டும் சொட்டினால் அது வேறு கதை. 10 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்கு வரும்போது 100 லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் பெருகும். வரும் வழியில் தண்ணீரைத் திரும்பவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் அந்த உபரி போக இடம் கிடையாது. ரிலீஃப் வால்வு வழியாகத்தான் போகும். வால்வை மாற்றிப் பயனில்லை. பெருகும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் ஓர் எக்ஸ்பான்ஷன் டேங்க் வைத்தால் நின்றுவிடும்.

செட் பிரஷருக்கு முன்பே திறக்கிறது, அல்லது தாமதமாகத் திறக்கிறது

ஒரு நொடி மட்டும் எட்டிப் பார்க்கும் அழுத்தத்தை ஊசி கேஜ் காட்டாது. பிஸ்டன் பம்ப், பிஸ்டன் கம்ப்ரசர் பக்கத்தில் இருக்கும் வால்வு அந்தத் துடிப்பின் உச்சத்தைப் பார்த்துத் திறக்கும். கேஜோ சராசரியைக் காட்டி, வால்வு அவசரப்படுகிறது என்று நம்மை நம்பவைக்கும். துடிப்பைத் தணிக்கும் டேம்ப்பர் வையுங்கள், அல்லது வால்வைத் துடிப்பு அடங்கிய இடத்துக்கு நகர்த்துங்கள்.

சூட்டையும் பாருங்கள். சாதாரண வெப்பநிலையில் பெஞ்சில் செட் செய்த வால்வு, சூடான பணியில் ஸ்பிரிங் தளர்ந்து சற்று முன்னதாகத் திறக்கும். இதற்காகவே பெஞ்சில் வைக்க வேண்டிய திருத்திய அழுத்தம் தனியாகக் கணக்கிடப்பட்டுத் தகட்டில் இருக்கும். தகட்டில் இரண்டு எண்கள் இருந்தால் பெஞ்சுக்கு எது, பணிக்கு எது என்று குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தாமதமாகத் திறந்தால் சந்தேகம் பேக் பிரஷர் மேல், அதாவது வெளியேறும் பக்கத்து அழுத்தத்தின் மேல். வெளியேறும் பக்கத்தில் ஏற்கெனவே 1 பார் இருந்தால் சாதாரண வால்வில் அது ஸ்பிரிங்கோடு கூட்டுச் சேர்ந்து டிஸ்க்கை அழுத்தும். 10 பார் வால்வு 11-இல் திறக்கும். டிஸ்க்கின் பின்புறத்தை அந்த அழுத்தத்திலிருந்து மறைக்கும் பெல்லோஸ் (மடிப்புக் குழாய்) உள்ள வால்வு இதைத் தாங்கும். ஆனால் அதன் பானெட்டில் (ஸ்பிரிங்கை மூடும் மேல் கூட்டில்) உள்ள சிறு துளை திறந்திருக்க வேண்டும். அந்தத் துளையில் ஏதாவது கசிந்தால் பெல்லோஸ் கிழிந்துவிட்டது என்று பொருள். கசிகிறதே என்று அதில் பிளக் போட்டு வைத்திருப்பதை நான் ஒரு தடவை இல்லை, பல தடவை பார்த்திருக்கிறேன்.

மிகச் சிறிய வித்தியாசத்துக்கு அலட்டிக்கொள்ள வேண்டாம். அழுத்தக் கலன்களுக்கான ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படி சுமார் 5 பாருக்கு மேல் 3 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம்.

படபடவென்று அடித்துக்கொள்கிறது

இது கேட்டதுமே ஓட வேண்டிய சத்தம். டிஸ்க் நொடிக்குப் பல முறை சீட்டை ஓங்கி அடிக்கிறது. சில நிமிடங்களில் சீட் நாசமாகும், ஸ்பிரிங் உடையலாம், திரவ லைன் என்றால் பைப்பே ஆடி ஃபிளேஞ்ச் தளரும். முதலில் அழுத்தத்தை இறக்குங்கள்.

பிறகு நினைவுபடுத்திப் பாருங்கள்: வால்வு அடித்துக்கொண்டிருந்தபோது கலனில் இருந்த கேஜ் என்ன செய்தது? நோயைப் பிரித்துக் காட்டுவது இந்த ஒரு கேள்விதான்.

கேஜ் ஊசி கிட்டத்தட்ட அசையாமல் நின்றது, வால்வு மட்டும் அடித்தது என்றால் குற்றவாளி வால்வுக்குப் போகும் பைப். 10 பார் வால்வு, 9.3-இல் மூடும் என்று வையுங்கள். கலனுக்கும் வால்வுக்கும் நடுவில் ஒல்லியான பைப்பும் இரண்டு எல்போவும் இருக்கின்றன. மூடியிருக்கும்போது ஓட்டம் இல்லை, இழப்பும் இல்லை. வால்வு 10 பாரைப் பார்த்துத் திறக்கிறது. திறந்ததும் முழு வேகத்தில் பாயும்போது பைப்பிலேயே 1 பார் போய்விடுகிறது. வால்வின் வாயில் 9 பார்தான். “சரி, வேலை முடிந்தது” என்று மூடிக்கொள்கிறது. மூடியதும் ஓட்டம் நிற்கிறது, மறுபடி 10 பார், மறுபடி திறப்பு. இந்தப் பைப் இழப்பு செட் பிரஷரில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஏபிஐ 520 சொல்வது இதற்காகத்தான். இழப்பு ப்ளோடவுனைத் தாண்டினால் அடி நிச்சயம்.

ஒரு காற்றுக் கலனில் இரண்டு வால்வுகள் அடுத்தடுத்து மாற்றப்பட்டும் அடி நிற்காததைப் பார்க்கப் போனேன். கூரை இடித்ததால் வால்வைப் பக்கவாட்டில் தள்ளி, அதன் வாயைவிட ஒரு சைஸ் சிறிய பைப்பில் ஒட்டியிருந்தார்கள். மூன்றாவது வால்வு தேவைப்படவில்லை. நேரான, பெரிய, குட்டையான ஒரு பைப்தான் தேவைப்பட்டது. பைப்பை மாற்றவே வழியில்லாத இடத்தில், அழுத்தத்தைத் தனிச் சிறு குழாய் வழியாக நேரே கலனிலிருந்து அறியும் பைலட் வால்வு கைகொடுக்கும்.

மாறாக, கலனின் கேஜ் ஊசியே ஏறி இறங்கி ஏறி இறங்கி, வால்வும் அதோடு சேர்ந்து சில நொடிகளுக்கு ஒருமுறை திறந்து மூடினால் வால்வு தேவைக்கு மேல் பெரியது. சிறிய உபரிக்குப் பெரிய கதவைத் திறக்கிறது, அழுத்தம் சட்டென்று விழுகிறது, மூடுகிறது. ஒரு பெரிய வால்வுக்குப் பதில் இரண்டு சிறியவற்றைச் சற்றே வேறுபட்ட செட் பிரஷரில் வைப்பது நல்ல தீர்வு. முதலாவது கலனின் உச்ச அனுமதி அழுத்தத்தில், அடுத்தது அதைவிட 5 சதவீதம் வரை மேலே.

இரண்டும் இல்லை என்றால் வெளியேறும் பக்கத்தைப் பாருங்கள். சாதாரண வால்வில், திறந்த பிறகு டிஸ்சார்ஜ் லைனில் சேரும் அழுத்தம் செட் பிரஷரில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நீராவி வால்வின் டிஸ்சார்ஜ் முழங்கையில் உள்ள டிரெயின் அடைபட்டுத் தண்ணீர் நிற்பதும் இதில் சேர்த்தி.

திறந்தது, மூடவில்லை

அழுத்தம் ப்ளோடவுன் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். இறங்கவில்லை என்றால் வால்வு திறந்திருப்பது நியாயம். உள்ளே வரும் பக்கத்தை நிறுத்துங்கள். இறங்கியும் மூடவில்லை என்றால் லீவர் சிக்கியிருக்கலாம், சீட்டில் பெரிய துகள் இருக்கலாம், தண்டு வளைந்திருக்கலாம், ப்ளோடவுனைக் கூட்டிக் குறைக்கும் வளையம் தப்பான இடத்தில் இருக்கலாம். பைலட் வகை என்றால் அழுத்தத்தை அறியும் சிறு குழாய் அடைபட்டிருக்கலாம். சுத்தியால் தட்டி மூடவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

மூடியிருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள் என்பதும் முக்கியம். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு ரிலீஃப் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கு, மூடச் சொல்லி மின்சமிக்ஞை போனதைத்தான் காட்டியது, வால்வு உண்மையில் மூடியதை அல்ல. டிஸ்சார்ஜ் பைப் சூடாக இருப்பது தெரிந்தும் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வால்வுகள் முன்பே கசிந்துகொண்டிருந்ததால் அந்தச் சூடு பழகிப்போயிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்நீர் வெளியேறி, உலையின் மையப் பகுதி ஓரளவு உருகியது. உங்கள் டிஸ்சார்ஜ் பைப்பின் வெப்பநிலையை வாரம் ஒருமுறை குறித்து வைத்தால், அது கூடும் நாளில் உடனே தெரியும்.

ஹைட்ராலிக்கில் பிரஷரே ஏறவில்லை, எண்ணெய் மட்டும் கொதிக்கிறது

பைலட் வகை ரிலீஃப் வால்வின் மெயின் பாப்பெட்டில் (எண்ணெய் வழியை மூடித் திறக்கும் அடைப்பானில்) ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அது அடைபட்டால் மேல் அறையில் அழுத்தம் சேராது. மெல்லிய ஸ்பிரிங்கை மட்டும் தாண்டி எண்ணெய் முழுவதும் டேங்குக்கே திரும்பிவிடும். பைலட் சீட்டில் அழுக்கு, திறந்தபடி நிற்கும் சொலினாய்ட் (மின்காந்த) வால்வு, இரண்டும் இதே விளைவைத் தரும். டேங்குக்குத் திரும்பும் லைனை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். ரிலீஃப் லைன் மட்டும் சூடென்றால் எண்ணெய் போகும் வழி அதுதான். சூடில்லை என்றால் பம்பையும் சிலிண்டரையும் சந்தேகியுங்கள்.

பிரஷர் ஏறுகிறது, ஆனால் எண்ணெய் தீயாய்க் கொதிக்கிறது என்றால் வால்வு எப்போதும் பாதி திறந்திருக்கிறது. 100 பாரில் நிமிடத்துக்கு 60 லிட்டர் அதன் வழியே போனால் 10 கிலோவாட் முழுக்க வெப்பமாகிறது. அழுத்தத்தைத் தானே கட்டுப்படுத்தும் பம்ப் இருந்தால் ரிலீஃப் வால்வை அதைவிட 15 முதல் 20 பார் மேலே வையுங்கள். இரண்டையும் ஒரே எண்ணில் வைத்தால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

திறந்தும் அழுத்தம் ஏறுகிறது

வால்வு சிறியது, அல்லது முன்பு சரியாக இருந்து இப்போது சிறியதாகிவிட்டது. பம்பைப் பெரியதாக மாற்றுவார்கள், பர்னரை மாற்றுவார்கள். ரிலீஃப் வால்வு மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கும்.

தேர்வு தொடங்க வேண்டியது பைப் சைஸில் இருந்து அல்ல, எது தப்பிப் போனால் அதிகபட்சம் எவ்வளவு உள்ளே வரும் என்பதில் இருந்து. வெளியேறும் வழி அடைபட்டால் பம்பின் முழு ஓட்டம். ரெகுலேட்டர் முழுசாகத் திறந்து சிக்கினால் மேல்பக்க அழுத்தத்தில் அது விடக்கூடிய மொத்தமும். வழக்கமான உபயோகம் கணக்கில் வராது. வெளியே தீப்பிடித்தால் உள்ளே கொதிக்கும் அளவு. இவற்றில் பெரியது எதுவோ அதுதான் உங்கள் எண்.

நீராவிக்கு ஒரு நேரடிக் கணக்கு உண்டு. மணிக்கு எத்தனை கிலோ போகும் என்பது, 0.525, துளைப் பரப்பு சதுர மி.மீ.யில், முழு அழுத்தம் பாரில், ஓட்டக் குணகம் ஆகிய நான்கின் பெருக்கல். 10 பார் செட், 10 சதவீதம் கூடுதல் அனுமதி, அதோடு வளிமண்டலம் சேர்த்தால் சுமார் 12 பார். குணகம் 0.975. மணிக்கு 2,500 கிலோ வெளியேற்ற வேண்டும் என்றால் ஏறக்குறைய 407 சதுர மி.மீ. தேவை. ஏபிஐ 526 துளை வரிசையில் ஜி சுமார் 325, ஹெச் சுமார் 506. ஆகவே ஹெச். “எதற்கும் இருக்கட்டும்” என்று இரண்டு படி தாண்டி கே (சுமார் 1,186) வாங்கினால், மேலே சொன்ன ஏறி இறங்கும் நோயைக் காசு கொடுத்து வாங்கியதாக ஆகும். இது முதல் கட்டத் தேர்வுக்கான கணக்கு; வாங்கும் முன் தயாரிப்பாளரின் சான்றளித்த கொள்ளளவோடு ஒப்பிடுங்கள். பாய்லருக்கு விதி வேறு: கூடுதல் அனுமதி 10 அல்ல, 3 சதவீதம்.

ஒட்டும் திரவம், உப்புப் படியும் திரவம் என்றால் வால்வுக்கு அடியில் ஒரு ரப்ச்சர் டிஸ்க் (குறித்த அழுத்தத்தில் உடையும் மெல்லிய தகடு) வைக்கலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கேஜ் கட்டாயம். அந்தத் தகட்டில் ஊசித்துளை விழுந்து நடுவே அழுத்தம் சேர்ந்தால், அது உடைய வேண்டிய அழுத்தத்தில் உடையாது.

எந்த அறிகுறியும் இல்லை

ஒழுகும் வால்வு தொல்லை கொடுக்கும், எல்லோரும் கவனிப்பார்கள். துருவேறி ஒட்டிக்கொண்ட வால்வு ஒரு சத்தமும் போடாது. பல வருடங்களாக ஒரு சொட்டுக்கூட ஒழுகாத வால்வை யாராவது பெருமையாகக் காட்டினால் நான் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?

கழற்றி அனுப்பும்போது துடைத்துச் சுத்தம் செய்யாமல், வந்தது வந்தபடியே முதல் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அழுக்கோடு அது எத்தனை பாரில் திறக்கிறது என்பதுதான் இத்தனை நாள் உங்கள் கலனுக்கு இருந்த உண்மையான பாதுகாப்பு. தாமதமாகத் திறந்தால் சோதனை இடைவெளியைக் குறையுங்கள். ஏபிஐ 510 வழக்கமான பணிக்கு 5 வருடமும், அரிப்போ படிவோ இல்லாத சுத்தமான பணிக்கு 10 வருடமும் உச்ச வரம்பாக வைக்கிறது.

திரும்பி வரும் வால்வை நிமிர்த்தி வைத்தே கொண்டுவாருங்கள்; படுக்க வைத்து உருட்டினால் சீட் இடம் மாறும். பூட்டும் முன் மூன்றைப் பாருங்கள்: சீல் உடையாமல் இருக்கிறதா, கலனை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) செய்தபோது தண்டை அழுத்திப் பிடிக்கப் போட்ட திருகு கழற்றப்பட்டதா, ஃபிளேஞ்சின் இரண்டு பக்கமும் இருந்த பிளாஸ்டிக் மூடி குப்பைக் கூடைக்குப் போய்விட்டதா. கடைசியில் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. மூடியோடு சேர்த்தே போல்ட் இறுக்கப்பட்டிருந்த ஒரு வால்வை நான் கழற்றியிருக்கிறேன்.